கிருபையின் வழக்கு – 9: லித்தாவில் ஒரு தீர்ப்பு

சென்ற வாரம், ரோமாபுரியில் பெலேஜியஸ் கொதித்துப்போன இடத்தில் நிறுத்தியிருந்தோம். அவரைக் கொதிக்கவைத்தது வசையும் அல்ல, வாதமும் அல்ல. ஒரு ஜெபம்.

பிஷப் ஒருவர் பேச்சுவாக்கில், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து பிஷப் அகஸ்டின் எழுதிய ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பாகத்திலிருந்து அந்த ஜெபத்தை எடுத்துச் சொன்னார். கட்டளை இடுகிற கடவுளே அதைக் கடைப்பிடிக்கும் பலத்தையும் கொடுக்கவேண்டும் என்று கெஞ்சுகிற ஜெபம் அது. பெலேஜியஸால் தாங்கமுடியவில்லை. மறுத்துப் பேசினார். பேச்சு தடித்தது. சொன்னவரோடு ஏறக்குறையச் சண்டையே வந்துவிட்டது. இதை நமக்குச் சொல்லியிருப்பவர் அகஸ்டினேதான். பல ஆண்டுகள் கழித்து, தம் கடைசி நூல்களில் ஒன்றில்.

ஒரு ஜெபத்தின்மேல் ஏன் இத்தனை கோபம்?

இதற்குப் பதில் தெரியாமல் மேலே போனால், இந்தத் தொடரின் மீதிக் கதை வெறும் சபைத் தகராறாகத் தெரியும். பெலேஜியஸைக் கெட்டவராக நிறுத்திவிட்டு நகர்வது சுலபம். பல நூல்கள் அப்படித்தான் செய்திருக்கின்றன. நான் அதற்கு உடன்படமாட்டேன்.

பிரிட்டன் தீவிலிருந்து ரோமுக்கு வந்தவர் அவர். குருப்பட்டம் பெறாதவர், ஆனால் துறவியாக வாழ்ந்தவர். ஆள் பெரிய உடம்புக்காரர். அதை வைத்துப் பின்னாளில் வேத அறிஞர் ஜெரோம் செய்த கேலி ஜெரோமுக்குத்தான் அழகல்ல. ரோமின் பெரிய குடும்பங்கள் பெலேஜியஸின் வீட்டு வாசல் தேடிவந்து ஆலோசனை கேட்டன. காரணம், அவர் சொன்னதைச் செய்கிறவர் என்று ஊருக்கே தெரியும். அகஸ்டின்கூட அவருடைய ஒழுக்கத்தைக் குறைத்துப் பேசியதில்லை.

அவர் வாழ்ந்த ரோம் எப்படிப்பட்டது? 380இல் பேரரசர் தியோடோசியஸின் ஆணைக்குப் பிறகு கிறிஸ்தவம் அரசாங்கத்தின் மதமாகிவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஞானஸ்நானம் எடுப்பவர் உயிரைப் பணயம் வைத்தார். இப்போது அது பதவிக்கு ஏறும் படியாகிவிட்டது. பொய், வட்டி, அடிமைகள்மீது கொடுமை எல்லாம் பழையபடியே நடந்தன. கேட்டால், “நாங்கள் பலவீனமான மனிதர்கள்தானே” என்று கைவிரித்தார்கள். இந்தக் கைவிரிப்பைத்தான் பெலேஜியஸ் வெறுத்தார். கடவுள் நீதியுள்ளவர், முடியாததைச் செய் என்று சொல்லமாட்டார், சொல்லியிருக்கிறார் என்றால் நம்மால் முடியும், முடியாது என்று சொல்கிறவன் கடவுளையே அநியாயக்காரர் ஆக்குகிறான். இதுதான் அவருடைய வாதத்தின் நடுத்தண்டு. இதைக் கேட்டு நெஞ்சு நிமிராதவர் உண்டா?

அப்படிப்பட்டவரின் காதில் அந்த ஜெபம் எப்படி விழுந்திருக்கும்? சோம்பேறிகளுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதிச் சீட்டாக விழுந்தது.

ஆனால் அதை எழுதியவர் சோம்பேறி அல்ல. முயன்று முயன்று தோற்றவர். 386ஆம் ஆண்டு கோடையில் மிலான் தோட்டத்தில் அவர் பட்ட பாட்டை ஐந்தாம் அத்தியாயத்தில் பார்த்தோம். எது சரி என்று அவருக்கு அப்போது தெரிந்திருந்தது. புத்தி ஒப்புக்கொண்டாகிவிட்டது. மனம் கையை அசையச் சொன்னால் கை அசைகிறது. அதே மனம் தன்னையே திரும்பச் சொன்னால் திரும்ப மறுக்கிறது. இந்த விசித்திரத்தைத் தன் உடம்பில் அனுபவித்தவர் அவர். கட்டளை அவருக்குப் புதிதல்ல. கட்டளைக்கும் தனக்கும் நடுவே கிடந்த பள்ளம்தான் அவரைக் கொன்றது.

அதற்கும் மூன்று ஆண்டுகள் முன்னால் நடந்தது இன்னும் ஆழமானது. அதை நான் முன்பே விரித்துச் சொல்லாதது, இந்த வாரத்துக்காகத்தான்.

383. கார்த்தேஜ் துறைமுகம். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது அகஸ்டின் ரோமுக்குக் கப்பல் ஏறத் துடிக்கிறார். தாய் மோனிக்கா விடவில்லை. மகன் மானிகேயர்கள் என்ற பிரிவினரின் போதனையில் சிக்கிக் கிடக்கிறான். கண்ணுக்கு மறைந்தால் முற்றிலும் கெட்டுவிடுவான் என்ற பயம். போனால் நானும் வருவேன் என்று பிடித்த பிடியை விடாமல் கரைவரை வந்துவிட்டார். மகன் பொய் சொன்னார். நண்பன் ஒருவனை வழியனுப்ப வந்திருக்கிறேன், காற்று வீசும்வரை அவனோடு இருக்கப்போகிறேன் என்று நம்பவைத்தார். பக்கத்தில் புனித சிப்ரியானின் நினைவாலயம் ஒன்று இருந்தது. அந்த இரவை மோனிக்கா அங்கே ஜெபத்திலும் கண்ணீரிலும் கழித்தார். கேட்டது ஒன்றே ஒன்று: மகன் கப்பல் ஏறக்கூடாது. விடிந்தபோது கப்பல் போயிருந்தது.

அந்தத் தாய் கரையில் நின்று கதறியதை மகனே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். தன் பொய்யை மறைக்கவில்லை. ஆனால் அவர் அங்கே பார்ப்பது தன் பொய்யை மட்டுமல்ல. கடவுள் அன்றிரவு தாய் கேட்டதைக் கொடுக்கவில்லை. தாய் ஆண்டாண்டுகளாக எதற்காகக் கேட்டுவந்தாரோ அதைக் கொடுப்பதற்காகவே கொடுக்கவில்லை என்கிறார். ரோம் போனதால்தான் மிலான். மிலான் போனதால்தான் அந்நகரத்து பிஷப் ஆம்புரோஸ். 387 உயிர்த்த ஞாயிறு இரவில் ஞானஸ்நானம். தாய் தடுக்கப் பார்த்த பயணமே தாயின் ஜெபத்துக்கு விடையாயிற்று. மகனின் பேராசையும் பொய்யும்கூடக் கடவுளின் கையில் சாலையாகிவிட்டன. பொய் நல்லதாகிவிடவில்லை. அந்தப் பொய்யைவிடக் கடவுளின் ஞானம் பெரியதாக இருந்தது, அவ்வளவுதான்.

கிருபையைப் பற்றி அகஸ்டின் எழுதிய தடித்த நூல்கள் எத்தனையோ உண்டு. அவற்றையெல்லாம் திறக்கும் சாவி இந்தக் கரையில் கிடக்கிறது என்பது என் நம்பிக்கை. அகஸ்டின் கடவுளைத் தேடிப் போகவில்லை, ஓடிக்கொண்டிருந்தார். ஓடிய பாதையிலேயே கடவுள் முன்னால் வந்து நின்றார். தன் வாழ்க்கையை இப்படி வாசித்தவர், இரட்சிப்பின் முதல் அடி மனிதனுடையது என்று எப்படிச் சொல்வார்?

ஆச்சரியம் என்னவென்றால், அவரே சில காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். விசுவாசம் நம் பங்கு, மற்றது கடவுளின் பங்கு என்று எழுதியிருக்கிறார். 396–97 வாக்கில் மிலானிலிருந்து முதியவர் சிம்ப்ளிசியானுஸ் ரோமர் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரம் பற்றிச் சில கேள்விகள் அனுப்பினார். யாக்கோபும் ஏசாவும் பிறக்குமுன்பே, நன்மையோ தீமையோ செய்யுமுன்பே, ஒருவன் தெரிந்துகொள்ளப்பட்டது எப்படி? பதில் எழுத உட்கார்ந்த அகஸ்டின் மனிதனின் சுதந்திர விருப்பத்துக்காகத் தம்மால் ஆனமட்டும் வாதாடிப் பார்த்தார். கொரிந்தியருக்குப் பவுல் கேட்ட ஒரு கேள்வி குறுக்கே வந்தது: நீ பெற்றுக்கொள்ளாதது உன்னிடம் என்ன இருக்கிறது? அதற்குமேல் அவரால் நகரமுடியவில்லை. கிருபை வென்றுவிட்டது என்று தம் முதுமையில் அந்தப் பதிலைத் திரும்பிப் பார்த்து அவரே பதிவு செய்தார்.

கவனியுங்கள். இது நடந்தது பெலேஜியஸின் பெயரே அவர் காதில் விழுவதற்கு வெகு முன்னால். எதிரியை வீழ்த்தச் செய்த ஆயுதம் அல்ல இந்த போதனை.

இருவருமே ‘கிருபை’ என்றுதான் சொன்னார்கள் என்பதுதான் வழக்கின் சிக்கல். பெலேஜியஸ் கிருபையை மறுக்கவில்லை. சுதந்திர விருப்பத்தோடு நம்மைப் படைத்தது கிருபை. நியாயப்பிரமாணத்தைக் கொடுத்தது கிருபை. கிறிஸ்துவை முன்மாதிரியாக அனுப்பியது கிருபை. பழைய பாவங்களை மன்னிப்பதும் கிருபை. செய்யக்கூடிய திறன் கடவுளிடமிருந்து வருகிறது; விரும்புவதும் செய்து முடிப்பதும் நம்முடையவை என்று பிரித்தார். அகஸ்டின் கேட்டது: விரும்புவதே முடியாமல் கிடக்கிறவனுக்கு என்ன வழி? உள்ளே வந்து, விருப்பத்தையே திருப்பி, நேசிக்கக் கற்றுக்கொடுக்கிற கிருபை இல்லையென்றால், நல்ல சட்டமும் நல்ல முன்மாதிரியும் குற்றத்தைக் கூட்டிக்காட்டும், குணமாக்காது.

இந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியிருந்தால்?

அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது.

* * *

410 ஆகஸ்டு 24. அலாரிக்கின் கோத் படை சலாரியா வாசல் வழியாக ரோமுக்குள் புகுந்தது. மூன்று நாள் கொள்ளை. எண்ணூறு ஆண்டுகளாக அந்நியப் படை மிதிக்காத நகரம். அகதிகள் கப்பல் கப்பலாகத் தெற்கே ஓடினார்கள். அந்தக் கூட்டத்தில் பெலேஜியஸும் இருந்தார். அவரோடு சேர்ந்த இளைய வழக்கறிஞர் செலஸ்டியஸும் இருந்தார்.

பெலேஜியஸ் கரை இறங்கிய ஊர், எல்லா ஊர்களையும் விட்டு, ஹிப்போ.

அகஸ்டின் அப்போது ஊரில் இல்லை. அவர் திரும்புவதற்குள் பெலேஜியஸ் போய்விட்டார். மறு ஆண்டு, 411இல், கார்த்தேஜில் ஒன்றிரண்டு முறை அவருடைய முகத்தைப் பார்த்ததாக அகஸ்டின் நினைவுகூர்கிறார். பார்த்ததோடு சரி. அந்த ஜூன் மாதம் டொனாட்டிஸ்ட் பிரிவினரோடு மாபெரும் விவாத மாநாடு. இரு பக்கமும் சேர்த்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பிஷப்புகள். அகஸ்டினுக்கு மூச்சுவிட நேரமில்லை. பெலேஜியஸ் கிழக்கே கப்பல் ஏறிவிட்டார். கிறிஸ்தவ வரலாற்றின் மிகப் பெரிய விவாதங்களில் ஒன்றை நடத்திய இருவரும் ஒரு மேசையில் ஒரு மணி நேரம் பேசியதாகப் பதிவே இல்லை. இந்த ஒரு செய்தி எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. பேசியிருந்தால் ஒத்துப்போயிருப்பார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் எழுத்தில் ஏறிய சூடு முகத்துக்கு முன்னால் கொஞ்சம் தணிந்திருக்கும்.

குரு போனார், சீடர் தங்கினார். செலஸ்டியஸுக்குக் கார்த்தேஜில் குருப்பட்டம் வேண்டியிருந்தது. குறுக்கே நின்றவர் மிலானைச் சேர்ந்த டீக்கன் பவுலினுஸ். ஆம்புரோஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். ஆதாம் பாவம் செய்யாவிட்டாலும் செத்திருப்பான். அவன் பாவம் அவனை மட்டுமே கெடுத்தது. பிறந்த குழந்தை, விழுவதற்கு முந்தைய ஆதாமின் நிலையில் இருக்கிறது. இப்படியெல்லாம் போதிக்கிறார் என்று ஆறு குற்றச்சாட்டுகள். செலஸ்டியஸ் தம் கருத்துகளைத் திரும்பப் பெற மறுத்தார். கார்த்தேஜ் பிஷப் அவ்ரேலியஸ் தலைமையில் கூடிய சங்கம் அவரைச் சபைக்குப் புறம்பாக்கியது. அவர் எபேசுவுக்குப் போய் அங்கே குருப்பட்டம் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சங்கத்தில் அகஸ்டின் இல்லை. அவரை இந்த வழக்குக்குள் இழுத்தவர் ஒரு சாதாரண விசுவாசி. சாதாரணர் என்றால் பதவியில் அல்ல, திருச்சபைப் பட்டத்தில். பேரரசரின் ஆணையராகக் கார்த்தேஜ் மாநாட்டை நடத்திய மார்செல்லினுஸ். ஊரில் எல்லாரும் குழந்தை ஞானஸ்நானம் பற்றியே பேசுகிறார்களே, இதற்கு என்ன பதில் என்று கேட்டு எழுதினார். நேற்றுப் பிறந்த குழந்தைக்குப் பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் கொடுக்கிறோம். அது என்ன பாவம் செய்தது?

அகஸ்டின் கேள்வியைத் திருப்பிப் போட்டார். அந்தக் குழந்தைக்கு மன்னிப்புத் தேவையில்லை என்றால், இயேசு அதற்கு இரட்சகர் இல்லை என்று ஆகிறது. இரட்சகர் தேவைப்படாத ஒரு மனித உயிராவது உண்டா? தொட்டிலில் கிடப்பது ஒரு விரலைக்கூடத் தன் இரட்சிப்புக்காக அசைக்கவில்லை. ஆனாலும் அதைத் தூக்கிவந்து திருநீரில் நனைக்கிறார்கள். கிருபை இலவசம் என்பதற்கு இதைவிடச் சாட்சி எது?

அழகான வாதம். ஆனால் அதே வாதம் அவரை இருட்டான ஒரு மூலைக்கும் கொண்டுபோய் நிறுத்தியது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தை? அதற்கும் தண்டனை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் மிக இலேசானது என்றார். இதை வாசிக்கும்போது என் மனம் ஒப்பவில்லை. பிற்காலத் திருச்சபையிலும் பலருடைய மனம் ஒப்பவில்லை. அகஸ்டினின் மனமும் நிம்மதியாக இல்லை என்பதற்கு 415இல் ஜெரோமுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் சாட்சி. குழந்தைகள் படும் நோயும் வலியும் அவரை அங்கே உலுக்குகின்றன. ஆன்மா எங்கிருந்து வருகிறது என்று சொல்லித்தரும்படி ஜெரோமைக் கெஞ்சுகிறார். ஒருவனுக்குக் கிருபை, இன்னொருவனுக்கு ஏன் இல்லை என்று யார் கேட்டாலும் அவர் போய் நிற்கிற இடம் ஒன்றுதான்: ரோமர் நிருபத்தின் பதினோராம் அதிகார முடிவில், கடவுளுடைய ஞானத்தின் ஆழத்தைப் பார்த்து, பவுல் வாதத்தை விட்டுவிட்டு வணங்கி நிற்கும் இடம். தப்பித்துக்கொள்கிறார் என்று அன்றே சிலர் குற்றம் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துறைமுகத்துக் கரையில் அழுத தாய்க்கு அந்தக் காலையில் காரணம் சொல்லப்படவில்லை. காரணம் இருந்தது.

மார்செல்லினுஸின் முடிவையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். ‘கடவுளின் நகரம்’ என்ற பெருநூலை அகஸ்டின் காணிக்கையாக்கியது அவருக்குத்தான். 413 செப்டம்பரில், ஒரு கலகத்தில் சம்பந்தப்பட்டவர் என்ற பழியின் பேரில் அவரைத் தலைவெட்டிக் கொன்றார்கள். காப்பாற்ற அகஸ்டின் ஓடியாடியும் பயனில்லை.

பெலேஜியஸ் இதற்குள் பாலஸ்தீனத்தில் காலூன்றிவிட்டார். அனிசியா குடும்பத்து இளம்பெண் டெமெட்ரியாஸ், நடக்கவிருந்த திருமணத்தை விட்டுக் கன்னித் துறவு ஏற்றபோது, அவளுடைய தாய் ஜூலியானா கேட்டதற்கிணங்க, அவளுக்குப் புகழ்பெற்ற ஒரு கடிதம் எழுதினார். குடிப்பெருமையும் செல்வமும் முன்னோர் தந்தவை, ஆவிக்குரிய செல்வத்தை மட்டும் நீயேதான் உனக்குத் தரமுடியும் என்ற பொருளில் அதில் ஓர் இடம் வருகிறது. அந்த இடத்தைப் பார்த்து அகஸ்டினும் அவர் நண்பர் அலிப்பியஸும் பதறி, பிற்பாடு தாய்க்கே எச்சரித்துக் கடிதம் போட்டார்கள். இதற்கிடையே, பெலேஜியஸிடம் பாடம் கேட்ட டிமாசியஸ், யாக்கோபு என்ற இரு இளைஞர்கள், தங்கள் குரு எழுதிய ‘இயற்கை’ என்ற நூலைக் கொண்டுவந்து அகஸ்டினிடம் கொடுத்தார்கள். வாசித்து முடித்தபோது அவருக்குச் சந்தேகம் எதுவும் மீதமில்லை. 415இல் மறுப்பு எழுதினார்: ‘இயற்கையும் கிருபையும்’. அதிலும் பெலேஜியஸின் பெயரைச் சொல்லவில்லை. திருந்த இடம் விட்டுவைத்தார்.

* * *

415 ஜூலை இறுதி. எருசலேம்.

பிஷப் யோவான் குருக்களைக் கூட்டியிருக்கிறார். அகஸ்டினின் கடிதங்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரோசியஸ் என்ற இளம் ஸ்பானிய குரு எழுந்து, கார்த்தேஜில் செலஸ்டியஸுக்கு என்ன நடந்தது, அகஸ்டின் என்ன எழுதுகிறார் என்று விவரிக்கிறார். அவர் பேசுவது லத்தீன். பிஷப்புக்குத் தெரிந்தது கிரேக்கம். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர், அவர் சொதப்புகிறார். பெலேஜியஸை உள்ளே அழைக்கிறார்கள். அகஸ்டின் எதிர்க்கும் போதனையைத்தான் நீர் போதிக்கிறீரா என்று குருக்கள் கேட்கிறார்கள். அகஸ்டின் எனக்கு யார் என்கிற தோரணையில் பதில் வருகிறது.

அரங்கம் கொந்தளித்தது. ஆப்பிரிக்கா முழுவதற்கும் கடவுள் ஒற்றுமை தந்தது அந்த மனிதர் வழியாக. அவரை இகழ்கிறவனை வெளியே தள்ளுங்கள் என்று கூச்சல். பிஷப் யோவான் வெளியே தள்ளவில்லை. பட்டம் பெறாத பெலேஜியஸைக் குருக்கள் நடுவே உட்காரவைத்தார். அகஸ்டினின் இடத்தில் இங்கே நான் இருக்கிறேன் என்றார். கடைசியில், பேசுகிற இருவரும் லத்தீன்காரர்கள், ரோமின் போப் இன்னசென்ட் தீர்க்கட்டும் என்று கைகழுவினார்கள்.

ஆனால் பாலஸ்தீனம் ரோமுக்காகக் காத்திருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பதினான்கு பிஷப்புகள், செசரியாவின் யூலோஜியஸ் தலைமையில், டியோஸ்பொலிஸ் என்ற ஊரில் கூடினார்கள். வேதாகமத்தில் அந்த ஊருக்கு வேறு பெயர்: லித்தா.

லித்தா என்றதும் வேதம் வாசித்தவர்களுக்கு ஒருவன் ஞாபகம் வருவான். எட்டு வருஷம் படுக்கையிலேயே கிடந்த திமிர்வாதக்காரன் ஐனேயா. பேதுரு அவனிடம் வந்து, இயேசு கிறிஸ்து உன்னைக் குணமாக்குகிறார் என்று சொல்லி, எழுந்து படுக்கையைச் சரிசெய்துகொள்ளச் சொன்னார். எழுந்திரு என்ற கட்டளையும் எழும் பலமும் ஒரே மூச்சில் வந்தன. ரோமில் பெலேஜியஸைக் கொதிக்கவைத்த ஜெபம் கேட்டதும் இதைத்தானே! அந்த ஊரிலேயே, மனிதன் தானாக எழமுடியுமா என்ற வழக்கு விசாரணைக்கு வந்தது.

குற்றம் சாட்டியவர்கள் தங்கள் பதவியை இழந்து வந்திருந்த கால் (Gaul) தேசத்து பிஷப்புகள் இருவர்: ஹெரோஸ், லாசரஸ். விசாரணை நாளில் இருவரும் வரவில்லை. ஒருவருக்குக் கடும் காய்ச்சல் என்றார்கள். மொழிபெயர்த்த குற்றப்பத்திரிகை மட்டும் மேசைமேல் கிடந்தது. குறுக்கு விசாரணை செய்ய ஆள் இல்லை. பெலேஜியஸுக்கோ கிரேக்கம் சரளமாக வரும்.

முதலில் தம் நற்பெயருக்குச் சான்றாகப் பெரிய மனிதர்களின் கடிதங்களை எடுத்து வைத்தார். அவற்றில் ஒன்றை வாசித்தபோது பதினான்கு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவேண்டும்.

எழுதியவர் அகஸ்டின்.

உண்மையான கடிதம்தான். சில ஆண்டுகளுக்கு முன் பெலேஜியஸ் நலம் விசாரித்து எழுதியதற்கு அகஸ்டின் அன்பொழுக அனுப்பிய சிறு பதில். பிரியமான சகோதரர் என்று விளித்து, ஜெபத்தில் நினைக்கச் சொல்லி எழுதியிருந்தார். மரியாதைக்கு எழுதிய வார்த்தைகள் நற்சான்றிதழாயின. அந்தச் சிறு கடிதத்துக்குள்ளேயே ஒரு கொக்கி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை: பெலேஜியஸ் எப்போதும் நல்லவராக இருப்பதற்கான நன்மைகளைக் கர்த்தர் அவருக்குக் கொடுக்கட்டும் என்று அகஸ்டின் வாழ்த்தியிருந்தார். நல்லவராக இருப்பதே கொடைதான் என்று பெலேஜியஸின் கையிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்.

பிறகு கேள்விகள். மனிதன் விரும்பினால் பாவமில்லாமல் இருக்கமுடியும் என்றீரா? தன் முயற்சியாலும் கடவுளின் கிருபையாலும் முடியும் என்றேன். அப்படி ஒருவர் இருந்தார் என்று சொல்லவில்லை. பிஷப்புகளுக்குத் திருப்தி. செலஸ்டியஸ் சொன்னதாக இருப்பவை? அவை என் வார்த்தைகள் அல்ல. அப்படிச் சொல்கிறவர்களைச் சபிக்கிறேன். நம் தகுதிக்குத் தக்கபடியே கிருபை கொடுக்கப்படுகிறது என்கிறவர்கள்? அவர்களையும் சபிக்கிறேன்.

கிருபை என்றால் நீர் எதைச் சொல்கிறீர் என்ற அடுத்த கேள்வியை அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை.

பெலேஜியஸ் விடுதலை ஆனார். திருச்சபையின் ஐக்கியத்தில் இருக்கிறவர் என்று பதினான்கு பேரும் அறிவித்தார்கள். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஜெரோம் பெத்லகேமிலிருந்து அந்தச் சங்கத்தைப் பரிதாபத்துக்குரிய சங்கம் என்று திட்டினார். 416இல் பெத்லகேம் மடங்களுக்குள் ஒரு கும்பல் புகுந்து தீ வைத்தது. டீக்கன் ஒருவர் கொல்லப்பட்டார். ஜெரோம் கோபுரத்துக்குள் ஓடித் தப்பினார். பழி பெலேஜியஸின் ஆதரவாளர்கள்மேல் விழுந்தது. அவரே ஏவினார் என்பதற்குச் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. ஆகவே அந்தப் பழியை அவர்மேல் நான் சுமத்தமாட்டேன்.

ஹிப்போவுக்குச் செய்தி வந்த விதமும் கவனிக்கத்தக்கது. தம் விடுதலையைச் சுருக்கிய ஓர் அறிக்கையை, கூட ஒரு வரிக் கடிதம்கூட இல்லாமல், பெலேஜியஸ் ஒரு டீக்கன் கையில் கொடுத்து அகஸ்டினுக்கு அனுப்பிவைத்தார். அகஸ்டின் அவசரப்படவில்லை. சங்கத்தின் அதிகாரபூர்வ நடவடிக்கைக் குறிப்புகளையே கேட்டு வாங்கி, வரி வரியாக அறிக்கையோடு ஒப்பிட்டார். அவர் வந்த முடிவு கூர்மையானது: லித்தாவில் தப்பியது பெலேஜியஸ் என்ற மனிதர், தண்டிக்கப்பட்டது அவருடைய போதனை. அதைச் சபித்துத்தானே அவர் வெளியே வந்தார்!

அதற்கு முன்பே ஆப்பிரிக்கா விழித்துக்கொண்டது. 416இல் கார்த்தேஜில் ஒரு சங்கம், மிலேவிஸில் ஒரு சங்கம். இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட பிஷப்புகளின் கையெழுத்தோடு ரோமுக்குக் கடிதங்கள் பறந்தன. அகஸ்டின், அவ்ரேலியஸ் உள்ளிட்ட ஐவர் தனியாகவும் ஒன்று எழுதி, ‘இயற்கை’ நூலையும் சேர்த்து அனுப்பினார்கள். அவர்கள் போப்பின் முன் வைத்த வாதத்தில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அது எந்தப் பாமரனுக்கும் புரியும். சோதனைக்குள் விழாதபடி காக்கவேண்டும் என்று கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் நாள்தோறும் வேண்டுகிறோம். நம் விருப்பமே போதும் என்றால் எதற்கு அந்த வேண்டுதல்? முழங்காலில் நிற்கிற ஒவ்வொரு கிழவியும், தெரிந்தோ தெரியாமலோ, இந்த வழக்கில் கிருபையின் பக்கத்துச் சாட்சி.

417 ஜனவரி 27. போப் இன்னசென்டின் பதில்கள் கையெழுத்தாயின. பெலேஜியஸும் செலஸ்டியஸும் மனம் மாறும்வரை சபையின் ஐக்கியத்துக்கு வெளியே.

ஆறு வாரம் கழித்து, மார்ச் 12, இன்னசென்ட் இறந்தார். 18ஆம் தேதி புதிய போப் பதவி ஏற்றார்: சோசிமஸ், பிறப்பால் கிரேக்கர். ஆப்பிரிக்காவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீர்ப்பு எழுதியாகிவிட்டது, எழுதியவர் இறந்தால் தீர்ப்பு சாகுமா?

செப்டம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. கார்த்தேஜில், சிப்ரியான் இரத்தசாட்சியாக மரித்த இடத்து ஆலயம். அகஸ்டின் பிரசங்கம் செய்கிறார். பிதா ஒருவனை இழுக்காவிட்டால் அவன் கிறிஸ்துவிடம் வரமுடியாது என்று யோவான் சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் வரும் பகுதி. பிரசங்கத்தின் முடிவில், இரண்டு சங்கங்களின் முடிவுகள் ரோமுக்குப் போயின, அங்கிருந்து பதிலும் வந்துவிட்டது, வழக்கு முடிந்தது என்று மக்களுக்கு அறிவிக்கிறார். தவறான போதனையும் இதேபோல் முடிந்துவிட வேண்டும் என்று ஏங்குகிறார்.

பிரசங்கம் செய்தவருக்கும் கேட்டவர்களுக்கும் தெரியாத ஒன்று உண்டு. அந்தக் கோடையில் செலஸ்டியஸ் தானே நேரில் ரோமுக்கு வந்து, புனித கிளெமென்ட் ஆலயத்தில் புதிய போப்பின் முன்னால் நின்றிருந்தார். அவரைத் தொடர்ந்து கிழக்கிலிருந்து பெலேஜியஸின் விசுவாச அறிக்கையும், அவருக்குப் பரிந்து எருசலேமின் புதிய பிஷப் எழுதிய கடிதமும் வந்து சேர்ந்தன. அவற்றைச் சபையில் வாசித்தபோது கேட்டவர்களின் கண்கள் கலங்கியதாகச் சோசிமஸே எழுதுகிறார்.

எழுதியது யாருக்கு? அவ்ரேலியஸுக்கும் ஆப்பிரிக்க பிஷப்புகள் அனைவருக்கும். கடிதத்தின் தேதி செப்டம்பர் 21. அகஸ்டினின் பிரசங்கத்துக்கு இரண்டு நாள் முன்பு. அதில் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டிருந்தவர்கள் பெலேஜியஸும் செலஸ்டியஸும் அல்ல.

(தொடரும்)